நடந்து இறங்கிய ஓட்டுநர்

எங்கள் ஹெல்லோய் தீவின் தூர்டிஸ், உலகத்தைக் கடல் வழியாக மூன்று முறை சுற்றியவள். சரி, மூன்று என்பது கொஞ்சம் கூடத்தான். காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டால் ஒன்றேகாலைத் தாண்டும், ஒன்றரையைத் தொடாது. அதுவும் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த, நாலு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே ஃபியோர்டைத்தான் முப்பத்தொரு வருடம் போகவும் வரவுமாகக் கடந்திருக்கிறாள். இருந்தாலும் தூரம் தூரம்தானே. கடலும் உப்புக் கடல்தான்.

அக்கரையில் சுந்த்விக் ஊர். அங்கே முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் தூர்டிஸுக்கு வேலை. காலை ஆறு நாற்பதுக்கு வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகு கிளம்பும். வீட்டிலிருந்து துறைக்கு ஏழு நிமிட நடை. அக்கரையில் இறங்கினால் பேருந்து நிற்கும். எதற்கு வண்டி? கைப்பையோடு ஏறுவாள், மேல்தளத்துக்குப் போவாள், ஒரு காப்பியும் ஒரு ஸ்வேலேயும் வாங்குவாள். ஸ்வேலே என்பது ஆப்பத்தின் நடுப்பகுதி போலத் தடித்த பண்டம். வெண்ணெயும் சர்க்கரையும் தடவி இரண்டாக மடித்துத் தருவார்கள். அதைத் தின்று முடிப்பதற்கும் அக்கரை வருவதற்கும் சரியாக இருக்கும். மணி அடித்ததும் படியிறங்கி, வண்டித்தளத்தின் ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட நடைபாதை வழியே வெளியேறுவாள். நடப்பவர்கள் முதலில், வண்டிகள் பிறகு. அதுதான் முறை.

அவள் கணவன் அர்வித் இதற்கு நேர் எதிர். அவன் நடந்து யாரும் பார்த்ததில்லை. முப்பது வருடம் பனிக்கட்டியில் புதைத்த சால்மன் மீனை லாரியில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவின் அடிவயிறு வரை ஓட்டியவன். திரும்பும்போது ஓடு, சலவை இயந்திரம், தக்காளி என்று எது கிடைத்ததோ அது. மாதத்தில் இருபது நாள் வெளியே. சாயங்காலம் எட்டு மணிக்குத் தொலைபேசி வரும்.

"எங்க இருக்க?"

"வெரோனா."

"எப்படி இருக்கு?"

"மழை."

அவ்வளவுதான் பேச்சு. அதனால் தூர்டிஸுக்கு வெரோனா என்றால் மழை. லியோன் என்றால் டயர் வெடித்த ஊர். பாசாவ் என்றால் லோடு இறக்கத் தாமதம். ஹாம்பர்க் என்றால் பல்வலி. முப்பது வருடமாக ஒரு கண்டம் முழுவதையும் அவள் காது வழியாகவே அறிந்திருந்தாள். "அடுத்த வருஷம் உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் சொல்வான். பன்றி விலா வெந்துவிட்டதா என்று கேட்கிற அதே குரலில் சொல்வான். அதனால் அவளும் அதே மாதிரி "சரி" என்பாள்.

இந்தப் பிப்ரவரியில் ஒரு காலை அர்வித்தின் கையிலிருந்து ரொட்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவனுக்கு எழ முடியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஹெலிகாப்டர் வந்தது. மூன்று நாளில் வாய் நேராகிவிட்டது, கையும் வந்துவிட்டது. ஆனால் ஆறு மாதத்துக்கு எந்த வண்டியின் சக்கரத்துக்குப் பின்னாலும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஆறு மாசம் முடிஞ்சா?" என்று கேட்டான்.

"அப்ப பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

அந்தப் 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். படகிலிருந்து இறங்கும் லாரிகளைப் பார்த்துக்கொண்டு, "முட்டாள், பின்னால எடுக்கிற லட்சணத்தைப் பாரு" என்று திட்டுவதே நாள் முழுக்க வேலை. ஏப்ரல் கடைசியில் தூர்டிஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஒரு வாரம் அவன் திட்டுவதைக் கேட்டாள். எட்டாம் நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள்:

"நான் ஓட்டறேன்."

"எங்க, கடைக்கா?"

"வெரோனாவுக்கு."

அர்வித் சிரித்தான். பிப்ரவரிக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

சிரிப்பதில் நியாயமும் இருந்தது. தூர்டிஸ் உரிமம் வாங்கி நாற்பத்துமூன்று வருடம். ஆனால் அவள் ஓட்டியதெல்லாம் தீவுக்குள்தான். எங்கள் தீவில் சிக்னல் கிடையாது, ரவுண்டானா கிடையாது, ஐம்பதுக்கு மேல் வேகம் கிடையாது. எதிரே வருவது அநேகமாக ஆடு. அக்கரைப் பக்கம் போக வேண்டியிருந்தால் எப்போதும் அர்வித்தான் ஓட்டுவான். வீட்டில் இருந்த பழைய வேனும் அவனுக்கு ஏற்றாற்போல் கனமானது; கிளட்சை மிதிக்க தூர்டிஸ் இருக்கையின் விளிம்புக்கு வந்து தொங்க வேண்டும்.

ஆகவே வாடகை வண்டி. இருப்பதிலேயே சின்னது, தானாகக் கியர் மாற்றிக்கொள்வது, வெள்ளை நிறம். முந்தின நாள் வாடகைக் கம்பெனிக்காரர் படகில் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். அர்வித் சுற்றி வந்து பார்த்தான்.

"இதுல என் பூட்ஸ்கூட உட்காராது."

"அப்ப செருப்பு போட்டுட்டு வா."

"பின்னாடி பெட்டி வைக்க இடம் எங்க?"

"ஆளுக்கு ஒரு பெட்டி. உன்னோடதுல பாதிக்கு மேல மாத்திரைதான்."

அவன் கதவைத் திறந்து உள்ளே அமர்ந்தான். முழங்கால்கள் டாஷ்போர்டைத் தொட்டன. முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தான். லாரியில் உட்கார்ந்தால் ஊரே காலடியில் தெரியும். இதில் பக்கத்து வீட்டுப் பூனையின் முகம்தான் தெரிந்தது.

"ஒரு நிபந்தனை" என்றான். "கிறிஸ்டியான்சாந்த் போய் டென்மார்க் படகு ஏறுற வரைக்கும் அறுநூறு கிலோமீட்டர். அதுக்குள்ள நீ ஓட்டும்போது ஏதாவது ஒண்ணு நடந்தா, எதுவா இருந்தாலும் சரி, வண்டியைத் திருப்பிடணும். முனகக் கூடாது, அழக் கூடாது."

"கல்லு பட்டு கண்ணாடி கீறினா?"

"திருப்பணும்."

"ஆடு குறுக்க வந்தா?"

"ஆடு மேல பட்டா திருப்பணும். படலைன்னா போலாம்."

கை குலுக்கிக்கொண்டார்கள். தூர்டிஸ் அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை. கல்லுக்கும் ஆட்டுக்கும் பயந்துதான்.

மறுநாள் மே மாதத்துத் திங்கட்கிழமை. ஆறு நாற்பது படகு. துறைக்குப் போகும் அந்த அரைக் கிலோமீட்டர் முழுக்க அர்வித் வாய் மூடவில்லை. "வலது பக்கம் ஒட்டிப் போ. இவ்வளவு ஒட்ட வேண்டாம். பிரேக். இப்ப இல்ல, இப்ப." வழக்கமாக அமைதியான தூர்டிஸ், "அர்வித், எனக்கு ரெண்டு காது போதும், மூணாவதா ஒண்ணு முளைக்க வைக்காதே" என்றாள்.

படகில் ஏற்றுவது நல்லபடியாக முடிந்தது. படகுத்தளத்து ஆள் ஓட்வார், முப்பத்தொரு வருடமாக அவளை நடந்து வரக் கண்டவன், ஸ்டியரிங்குக்குப் பின்னால் கண்டதும் கையிலிருந்த பச்சைத் துணியை ஆட்ட மறந்து நின்றுவிட்டான். பிறகு நடு வரிசையில் முதலிடத்துக்குக் கை காட்டினான். முதலிடம் என்றால் மரியாதை. இறங்கும்போது முதல் ஆளாக இறங்கலாம்.

கைப்பிரேக் இழுத்தாள். எஞ்சினை நிறுத்தினாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி சாவியை வண்டியிலேயே விட்டாள். அர்வித்துக்குக் காற்று வேண்டுமென்று தன் பக்கத்துக் கண்ணாடியை ஒரு சாண் இறக்கினாள்.

"மேல வர்றியா?"

"படி ஏற முடியாது. நீ போ. எனக்கு ஒண்ணு கொண்டு வா, பழுப்பு சீஸ் வச்சது."

கைப்பையை மாட்டிக்கொண்டு மேலே போனாள். அங்கே வழக்கமான மேசையில் பல் டாக்டரின் உதவியாளர் மாரித் உட்கார்ந்திருந்தாள். இருவரும் பதினைந்து வருடமாக அந்த மேசையில் எதிரெதிரே உட்காருபவர்கள். மாரித்தின் மருமகள் புதிதாக ஒரு நாய் வாங்கியிருந்தாள். அந்த நாய் சோபாவைத் தின்றிருந்தது. முழு சோபாவையும். எப்படித் தின்றது, எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது என்று மாரித் விவரிக்க, தூர்டிஸ் காப்பியைக் குடித்து, ஸ்வேலேயைத் தின்று, சர்க்கரை ஒட்டிய விரலை நக்கினாள். மணி அடித்தது.

மணி அடித்தால் எழ வேண்டும். எழுந்தாள். படி இறங்கினாள். மஞ்சள் கோட்டுக்குள் நடந்தாள். கூடவே நடந்த மாரித்தின் கதையில் நாய் அப்போது சோபாவின் இரண்டாவது கைப்பிடிக்கு வந்திருந்தது. நடு வரிசையின் தலையில் நின்ற சின்ன வெள்ளை வண்டியைக் கடந்தாள். அந்த வண்டி அவள் கண்ணில் பட்டது என்றுதான் அவளே சொல்கிறாள். 'பாவம், யாரோ வெளியூர்க்காரங்க, இவ்வளவு சின்னதுல போறாங்க' என்று நினைத்தாளாம். உள்ளே ஒரு பெரிய மனிதர் கையை ஆட்டினார். யாரென்று தெரியாவிட்டாலும் மரியாதைக்குத் தலையசைத்தாள்.

பேருந்து நிறுத்தம் இருநூறு மீட்டர். இடது வரிசை வண்டிகள் அவர்களைக் கடந்து போயின. வலது வரிசையும் போயிற்று. பிறகு எதுவும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அடித்தால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம், இல்லையென்றால் ஆள் ஆஸ்லோக்காரன். அதனால் நடு வரிசையில் மாட்டிய பதினொரு வண்டிகளும் சத்தம் காட்டாமல் நின்றன. அதில் ஒரு பால் டாங்கரும் இருந்தது. கடைசியில் கேப்டன்தான் ஒலிபெருக்கியில் ஒரு வண்டி எண்ணை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு படகின் ஊதுகுழலே ஒரு முறை உறுமியது.

"கேட்டியா?" என்றாள் தூர்டிஸ். "சுற்றுலாக்காரங்க. மேல நின்னு மலையைப் படம் புடிச்சிட்டிருப்பாங்க. வண்டி வந்த ஞாபகமே இருக்காது."

"இவங்களுக்கெல்லாம் யார்தான் உரிமம் குடுக்கறாங்களோ" என்றாள் மாரித்.

பேருந்து வந்து நின்றது. தூர்டிஸ் பயண அட்டையை எடுக்கப் பைக்குள் கை விட்டாள். கையில் தட்டுப்பட்டது ரொட்டிப் பொட்டலம். மதியச் சாப்பாட்டுக்கு வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ரொட்டி, தினமும் இருப்பதுதான். ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. தினமும் ஒன்றுதான் கட்டுவாள்.

இரண்டு பொட்டலம்.

"அர்வித்!" என்று கத்தினாள். பேருந்து ஓட்டுநர் தன் பெயர் அதுவல்ல என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் ஓடத் தொடங்கியிருந்தாள்.

அறுபத்திரண்டு வயதில், மே மாதக் குளிர்காற்றுக்கு எதிரே, கைப்பை முதுகில் அடிக்க, துறையை நோக்கி ஓடினாள். தீவுக்குப் போக வரிசையில் காத்திருந்த வண்டிகள் எல்லாவற்றிலும் தெரிந்த முகங்கள். கண்ணாடிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"தூர்டிஸ், எதையாவது விட்டுட்டியா?"

"புருஷனை மட்டுமா, வண்டியையும் சேர்த்தா?"

"அவசரமே இல்ல, பால்தான் புளிச்சிட்டிருக்கு!"

அவள் ஓட்டத்தை நிறுத்தவில்லை. காலுக்குக் கீழே ஓடியது சாலை அல்ல, வெரோனாதான். லியோன் போயிற்று. பாசாவ் போயிற்று. அறுநூறு கிலோமீட்டரில் ஐந்து கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, அதிலும் நாலு தண்ணீரில். 'எதுவா இருந்தாலும் சரி' என்று கை குலுக்கியிருந்தாள். அர்வித் திரும்பவும் ஜன்னலுக்குப் போய்விடுவான். அந்த ஜன்னலிலிருந்து அவனை இன்னொரு முறை யாராலும் எழுப்ப முடியாது.

மூச்சிரைக்கப் படகுத்தளத்தை அடைந்தபோது, ஓட்வார் சின்ன வண்டியின் மேல் குனிந்து, இறங்கியிருந்த கண்ணாடி வழியாகப் பேசிக்கொண்டிருந்தான். நான்கு கதவுகளும் பூட்டியிருந்தன. அர்வித் மடியில் கை வைத்து, கண்காட்சியில் நிற்கும் காளை மாதிரி நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அர்வித், கதவைத் திற. ஒரு நிமிஷத்துல நான் வெளிய விட்டுடறேன். கேப்டன் என்னைத் தின்னுடுவாரு."

"முடியாது. ஓட்டுறது தூர்டிஸ்."

"தூர்டிஸ் இங்க இல்லையே!"

"வருவா."

"சரி, நீயாவது ஓட்டு. பத்து மீட்டர்தான். முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நீ!"

"டாக்டர் சொன்னது பத்து மீட்டரையும் சேர்த்துத்தான். வாடகைக் காகிதத்துல அவ பேருதான் இருக்கு. வேற ஒருத்தர் கை வைக்கக் கூடாது. ஓட்டுறது தூர்டிஸ்."

தூர்டிஸ் இதைக் கேட்டாள்.  பிறகு ஓட்வாரை விலக்கிவிட்டு, கண்ணாடி இடைவெளியில் தோள் வரை கையை நுழைத்து, உள்பிடியை இழுத்துக் கதவைத் திறந்தாள். அதற்கும் அர்வித் ஒரு விரலை அசைக்கவில்லை.

உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். பதற்றத்தில் கை பட்டு முன்கண்ணாடித் துடைப்பான் ஓடியது. வெயிலில், காய்ந்த கண்ணாடியில், கிறீச் கிறீச்சென்று. அதை நிறுத்தத் தேடிக்கொண்டிருக்காமல் கைப்பிரேக்கை விட்டாள். வண்டி சாய்தளத்தில் வழுக்காமல், இடிக்காமல், நூல் பிடித்தாற்போல் வெளியே வந்தது. பின்னால் பால் டாங்கரும் மற்றவையும் கடந்து போயின. டாங்கர்க்காரர் தொப்பியை உயர்த்திக் காட்டினார்.

துறைக்கு மேலே சாலை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் சுற்றினால் திரும்பவும் படகு வரிசை. வலப்பக்கம் தெற்கு. பிரிவுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினாள். துடைப்பான் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"சரி" என்றாள். "கை குலுக்கினது குலுக்கினதுதான். திருப்பறேன். அழ மாட்டேன்."

"என்ன நடந்துச்சு இப்ப?"

"என்ன நடந்துச்சா? ஊரே பார்த்துச்சு!"

"நீ ஓட்டும்போது ஏதாவது நடந்தான்னுதான் பேச்சு" என்றான் அர்வித். "அப்ப நீ ஓட்டலையே. வண்டி நின்னுட்டிருந்துச்சு. கைப்பிரேக் போட்டிருந்த. நல்லா இழுத்துப் போட்டிருந்த, நான் பார்த்தேன். ஓட்டுநர் இறங்கி எங்கேயோ போயிட்டாங்க, அதுக்கு வண்டி என்ன பண்ணும்? துடைப்பானை நிறுத்து. வலது பக்கம் திரும்பு."

அவள் திரும்பவில்லை. அவனைப் பார்த்தாள்.

"நிஜமா சொல்றியா?"

"என் ஸ்வேலே எங்க?"

அது மேலேயே, மேசையில், பழுப்புச் சீஸோடு இருந்தது. அதற்குப் பதிலாக இரண்டு ரொட்டிப் பொட்டலத்தையும் அவனிடம் கொடுத்துவிட்டு வலது பக்கம் திரும்பினாள்.

இருபத்துநாலு நாள் சுற்றினார்கள். ரவுண்டானாவில் தூர்டிஸ் சரியான வழி தெரியும்வரை மூன்று சுற்று சுற்றுவாள். அர்வித் எண்ணிக்கொண்டு வருவான். ஜெர்மனியின் பெருஞ்சாலையில் தொண்ணூறுக்கு மேல் போக மறுத்தாள். பின்னால் வருகிறவர்கள் விளக்கைச் சிமிட்டினால் கையை ஆட்டி வாழ்த்துச் சொன்னாள். மதியத்தில் லாரிகள் நிற்கும் இடங்களில்தான் சாப்பாடு, ஏனென்றால் அர்வித்துக்கு வேறு இடமே தெரியாது. இரண்டு பெரிய லாரிகளுக்கு நடுவே அந்த வெள்ளை வண்டி, யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் பெட்டி மாதிரி நிற்கும்.

ஐரோப்பாவைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அவன் காட்டியதும் அப்படித்தான். ஹாம்பர்க்கில் ஒரு கிடங்கின் பதினாலாம் எண் வாசல். பாசாவில் எடை போடும் மேடை. லியோனில் டயர் கடை, அதுவும் மூடியிருந்தது. வெரோனாவில் சரக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தார் மைதானத்துக்கு வழி சொல்லி, நிறுத்தச் சொன்னான்.

"இங்கதான்."

"என்ன இங்க?"

"இங்கதான் மழை பெஞ்சுது."

தூர்டிஸ் சுற்றிலும் பார்த்தாள். கம்பி வேலி, சரக்கு அடுக்கும் தட்டுப் பலகைகள், ஒரு குழாய். "சரி, ஊர் எங்க?" என்றாள்.

அர்வித் யோசித்தான். வேலிக்கு அப்பால் கை காட்டினான். "அந்தப் பக்கம்னு நினைக்கறேன். லாரியை உள்ள விட மாட்டாங்க. நான் போனதில்ல."

"முப்பது வருஷத்துல ஒரு தடவைகூடவா?"

"லாரியை எங்க நிறுத்திட்டுப் போறது?"

அவள் வண்டியைக் கிளப்பினாள். குறுகலான தெருக்கள், இரு பக்கமும் நாற்காலிகள், காயப்போட்ட துணிகள். கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு அந்தச் சின்ன வண்டி எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்தது. அர்வித் அன்றைக்கு வலது, இடது, பிரேக் எதுவும் சொல்லவில்லை. அவனுக்கும் வழி தெரியாதே. ஆற்றோரம் நிறுத்திவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார்கள். வெயில் அடித்தது.

ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குப் பிறகு, ஒரு கீறல் இல்லாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தாள். வாடகைக் கம்பெனிக்காரர் நம்பாமல் இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார். பூட்டிய கதவுக்குள்ளே உட்கார்ந்து, 'ஓட்டுறது தூர்டிஸ்' என்று ஒரு மனிதன் பதினொரு வண்டிகளையும் ஒரு கேப்டனையும் காக்க வைத்ததால்தான் இத்தனையும் நடந்தது என்று படகின் மேல்தளத்தில் நான் இந்தக் கதையைச் சொல்லி முடித்தேன். இப்போதெல்லாம் மெல்லப் படியேறிவிடுகிற அர்வித், எதிரே உட்கார்ந்திருந்தவன், காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"கதவைப் பூட்டினேன்னு சொல்றதை மட்டும் மாத்திக்குங்க" என்றான். "ஓட்வார் வந்தப்ப நான் திறக்கத்தான் பார்த்தேன். ஏதோ ஒரு பட்டனை அமுக்கினேன், நாலு கதவும் டக்குனு பூட்டிக்கிச்சு. திரும்ப எதை அமுக்கினா திறக்கும்னு தெரியல. முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் அதைப் போய் ஓட்வார்கிட்ட சொல்ல முடியுமா? அதான், ஓட்டுறது தூர்டிஸ்னு சொல்லிட்டு நேரே பார்த்துட்டு உட்கார்ந்துட்டேன்."